டெஸ்க்டாப் அசெம்பிள் செய்வது எப்படி: உதிரிப் பெட்டிகளில் தொடங்கி விண்டோஸ் வரை

"எல்லாம் மாட்டிட்டேன் அண்ணே, ஃபேன் சுத்துது, ஆனா டிஸ்ப்ளே வரலை."

முதல்முறை அசெம்பிள் செய்பவர்களிடமிருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். போய்ப் பார்த்தால் பொருள் எதுவும் கெட்டிருக்காது. ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கும், இல்லை ரேம் ஒரு பக்கம் சரியாக உட்கார்ந்திருக்காது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டதால் தப்பு எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இங்கே வரிசைக்குத்தான் முக்கியத்துவம். உதாரணத்துக்கு வீட்டுக்கும் சின்ன ஆபீசுக்கும் நான் அதிகம் போட்டுக்கொடுத்த கூட்டணியை எடுத்துக்கொள்கிறேன்: இன்டெல் ஐ5-12400 பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளை), எச்610 போர்டு (எல்லாப் பாகமும் மாட்டும் மதர்போர்டு), டிடிஆர்4 ரேம் (வேலை நேரத்து நினைவகம்) 8 ஜிபி இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (தகவலைச் சேர்த்துவைக்கும் வேகமான டிஸ்க்). உங்களுடையது வேறாக இருந்தாலும் வரிசை இதேதான்.

1. எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போய் "நல்ல கம்ப்யூட்டர் ஒன்னு" என்று கேட்டால் அவர்களிடம் தேங்கிக் கிடப்பதுதான் உங்கள் தலையில் விழும். எங்கே வைக்கப் போகிறீர்கள், யார் உட்காரப் போகிறார்கள், என்ன வேலை என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். வகை தானாக வந்துவிடும்.

தினமும் பையில் போட்டு எடுத்துப் போகிறவருக்கு லேப்டாப். ஆனால் மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். வாங்கும் முன் "எக்ஸ்ட்ரா ஸ்லாட் இருக்கா" என்று கேட்டுவிடுங்கள்.

ஆல்-இன்-ஒன் என்பது பெரும்பாலும் மானிட்டரின் முதுகில் லேப்டாப் பாகங்களை ஒட்டிவைத்தது. ரிசப்ஷன் மேசைக்கு அழகாக இருக்கும். திரை போனால் மொத்தமும் சர்வீசுக்குப் போகவேண்டும் என்பதால் வீட்டுக்கு நான் சொல்வதில்லை.

மினி பிசி டிபன் பாக்ஸ் அளவில் இருக்கும். பில்லிங், டைப்பிங், ஆன்லைன் கிளாஸ் எல்லாம் தாராளமாக ஓடும், கரண்டும் குறைவாக இழுக்கும். பின்னாளில் கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் தரும் தனி அட்டை) போட அதில் இடம் இல்லை.

சர்வர், வொர்க்ஸ்டேஷன் வகை நமக்கு வேண்டாம். அவற்றின் பழைய ரேம் சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் என்பதால் மட்டும் இங்கே சொல்கிறேன். சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ரேம் சாதாரண போர்டில் வேலை செய்யாது. விலையைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

மீதி எல்லோருக்கும் டெஸ்க்டாப்தான். ஒரு பாகம் போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்.

ஆபீஸ்களில் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப் வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். "ஐ5" என்ற பெயர் மட்டும் எதையும் சொல்லாது, எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். 2013-இல் வந்த ஐ5-4570-ஐ விட 2022-இல் வந்த ஐ3-12100 நன்றாகவே வேகமானது. இரண்டாவது, அந்தச் சின்ன கேபினெட்களில் (வெளிப் பெட்டிகளில்) போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். எஸ்எம்பிஎஸ் போனால் கடையில் கிடைக்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது.

2. கொட்டேஷன் எழுதும் வரிசை

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பொருள்களை இந்த வரிசையில் தேர்ந்தெடுங்கள்: பிராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், கடைசியில் கேபினெட். முன்னால் எடுத்த முடிவு ஒவ்வொன்றும் அடுத்ததைக் கட்டுப்படுத்தும். ஆனால் பையன்கள் தலைகீழாகத்தான் தொடங்குவார்கள், விளக்கு எரியும் கேபினெட்டிலிருந்து.

பிராசசர் முதலில், ஏனென்றால் அதுதான் சாக்கெட்டை, அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தைத் தீர்மானிக்கிறது. இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு எல்ஜிஏ 1700 சாக்கெட். ஏஎம்டி ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4, 7000 வரிசைக்கு ஏஎம்5. சாக்கெட் ஒத்துப்போனாலும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே போர்டில் ஓடும் சின்ன மென்பொருள்) பழையதாக இருந்தால் வேலை செய்யாது. எச்610 போர்டில் 14-ஆம் தலைமுறை பிராசசர் போடுவதாக இருந்தால், பயாஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கேட்டு, கடையிலேயே செய்யச் சொல்லி வாங்குங்கள்.

பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள். ஐ5-12400-இல் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஐ5-12400எஃப்-இல் இல்லை. "எஃப்" விலை குறைவு என்று வாங்கி, கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் விட்டால் மானிட்டரில் எதுவுமே வராது.

அடுத்து ரேம். ஒரே எச்610 போர்டு டிடிஆர்4-க்கு ஒன்று, டிடிஆர்5-க்கு ஒன்று என இரண்டு விதமாக வருகிறது. இரண்டு ரேமுக்கும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றை மற்றொன்றில் அழுத்தினால் ஸ்லாட் உடையும். போர்டுப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ரேம் வாங்குங்கள்.

எஸ்எஸ்டியில் எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் இல்லை. அதே வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. சாட்டா நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும். என்விஎம்இ, எச்610 போர்டுகளில் உள்ள மூன்றாம் தலைமுறை பிசிஐஇ ஸ்லாட்டிலேயே 3,500 எம்பி வரை போகும். பழைய ஹார்ட் டிஸ்க்கை போட்டோ, வீடியோ சேர்த்துவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸை அதில் போடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில்தான் எல்லோரும் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். கேபினெட்டோடு இலவசமாக வருகிற எஸ்எம்பிஎஸ்ஸை நான் எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். கிராபிக்ஸ் கார்டு இல்லாத நம் கூட்டணிக்கு நல்ல கம்பெனியின் 450 வாட் போதும், மிச்சமே இருக்கும். கார்டு போடுவதாக இருந்தால் கார்டு கம்பெனி எத்தனை வாட் எஸ்எம்பிஎஸ் சொல்கிறதோ அதற்குக் குறையாமல் எடுங்கள்.

கேபினெட்டுக்கு ஒரே கணக்கு: போர்டு உள்ளே போகவேண்டும். ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244, மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. சின்ன போர்டு பெரிய கேபினெட்டில் உட்காரும். மறுபக்கம் நடக்காது.

ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பாகத்தின் சீரியல் எண் பில்லில் இருக்கவேண்டும். பிராசசரைப் பெட்டியோடு வாங்குங்கள். பெட்டி இல்லாமல் "ட்ரே" என்று விற்பதற்கு வாரண்டி விற்றவரோடு முடிந்துவிடும்.

3. மேசையில் வைக்கவேண்டியவை

காந்த முனையுள்ள ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, சின்னக் கிண்ணங்கள் மூன்று, கேபிள் டை, நல்ல வெளிச்சம். 8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பென் டிரைவ் ஒன்றும், டிரைவர் வைக்க இன்னொன்றும் தனியாக.

கிண்ணம் எதற்கு மூன்று? ஸ்க்ரூக்களின் மரை ஒரே மாதிரி இல்லை. கேபினெட்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பெருமரை, இரண்டரை இன்ச் எஸ்எஸ்டிக்குச் சிறுமரை, எம்.2-க்குக் கடுகளவு ஒன்று. ஒன்றாகக் கொட்டிவைத்தால் தப்பான ஸ்க்ரூ தப்பான ஓட்டையில் போய் மரை தேய்ந்துவிடும்.

மேசையில் கம்பளம், போர்வை வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸை மூன்று பின் பிளக்கில் மாட்டி, ஸ்விட்சை அணைத்துவைத்து, வேலை தொடங்கும் முன் அதன் இரும்பு உடம்பை ஒருமுறை தொடுங்கள். உங்கள் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் எர்த் வழியாக இறங்கிவிடும். அதன் பிறகு பிளக்கைக் கழற்றிவிடலாம்.

இதெல்லாம் எர்த் ஒழுங்காக உள்ள வீட்டில்தான். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று சொல்கிறார்களே, அது கம்ப்யூட்டரின் கோளாறு இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் துளி மின்சாரத்தை அதன் இரும்பு உடம்புக்கு அனுப்பும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு வரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

4. பிராசசர்

போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். அது வந்த வெள்ளி நிற கவர் மேல் வைத்து மின்சாரம் கொடுக்காதீர்கள், அந்தக் கவரின் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தக்கூடும்.

எல்ஜிஏ 1700-இல் பின்கள் போர்டில் இருக்கின்றன, பிராசசரின் அடியில் தட்டையான தங்கப் புள்ளிகள் மட்டும்தான். சாக்கெட் ஓரத்துக் கம்பியை அழுத்தி வெளியே தள்ளி மேலே தூக்குங்கள், சட்டம் திறக்கும். பிராசசரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும். சாக்கெட்டின் மூலையில் உள்ள முக்கோணத்தோடு அதைச் சேர்த்து, இரண்டு ஓரத்தையும் பிடித்து நேராக இறக்குங்கள். அழுத்தவே கூடாது, தன் எடையிலேயே உட்காரும். நகர்த்தி நகர்த்திப் பொருத்தப் பார்த்தால் பின் வளையும். 1700 பின்னில் ஒன்று வளைந்தாலும் போர்டு கைவிடக்கூடும்.

சட்டத்தை மூடிக் கம்பியை இறக்கும்போது பலமாக அழுத்தவேண்டியிருக்கும், நறநறவென்று சத்தமும் வரும். எல்லோரும் இந்த இடத்தில் பயந்து நிறுத்துவார்கள். முக்கோணம் சரியாக இருந்தால் தைரியமாக இறக்குங்கள். அப்போது மேலே இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். அதைக் குப்பையில் போடாமல் போர்டுப் பெட்டிக்குள் போடுங்கள், காரணம் கடைசியில் சொல்கிறேன்.

ஏஎம்4 வகையில் நேர்மாறு: பின்கள் பிராசசரில் இருக்கும். கீழே விழுந்தால் பின் வளையும்.

5. ரேம்

இரண்டு ஸ்லாட் போர்டில் இரண்டிலும் போட்டுவிடுங்கள். நான்கு ஸ்லாட் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஒரே 16 ஜிபி துண்டைவிட 8 ஜிபி இரண்டு மேல், ஏனென்றால் இரண்டு வழியாகவும் ஒரே சமயத்தில் தகவல் போகும். தனி கார்டு இல்லாமல் பிராசசரின் கிராபிக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், அது ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது.

வெட்டைப் பொருத்தி, இரண்டு முனையிலும் கட்டைவிரல் வைத்து, ஒரு முனை அழுத்திப் பிறகு மறுமுனை அழுத்துங்கள். டக்கென்று சத்தம் கேட்டு கிளிப் மூடவேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் அசையும். கிளிப் இல்லாத அந்தப் பக்கம்தான் பாதி ஏறாமல் நிற்கும். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், தங்கக் கோடு ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை. புதுப் போர்டில் ஸ்லாட் இறுக்கமாக இருக்கும், நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தவேண்டும்.

6. எம்.2 எஸ்எஸ்டி

கிராபிக்ஸ் கார்டு மாட்டிய பிறகு இந்த ஸ்லாட் பெரும்பாலும் அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். அதனால் இப்போதே. 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சாய்வாக நுழைத்து, முழுதும் உள்ளே போனபின் கீழே அமுக்கி ஸ்க்ரூ போடுங்கள். விட்டால் ஸ்பிரிங் மாதிரி மேலே எழும்பும், அது சரிதான்.

அந்தக் கடுகு ஸ்க்ரூ போர்டுப் பெட்டியில் ஒரு சின்ன பாக்கெட்டில் இருக்கும். பெட்டியைக் கவிழ்க்கும்போதே தொலைப்பார்கள்.

7. கூலர்

இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் அடியில் சாம்பல் நிறத்தில் தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) ஏற்கெனவே தடவியிருக்கும். விரல் வைக்காதீர்கள், மேலே இன்னொரு முறை தடவவும் வேண்டாம். தனியாக வாங்கிய கூலர் என்றால் பட்டாணி அளவு பேஸ்ட் நடுவில் வைத்தால் போதும், கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். அடியில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உரிக்காமல் மாட்டி, "பத்து நிமிஷத்துல ஆஃப் ஆகுது" என்று கொண்டுவந்திருக்கிறார்கள்.

நான்கு கால்களையும் ஓட்டைகளுக்கு நேராக நிறுத்தி, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள்: வலது மேல், இடது கீழ், பிறகு மற்ற இரண்டு. ஒரே பக்கம் இரண்டையும் அழுத்தினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். பிறகு போர்டை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். நான்கு காலும் விரிந்து வெளியே வந்திருக்கவேண்டும். மூன்று வந்து ஒன்று வராதிருப்பதுதான் சகஜம்.

ஃபேன் ஒயரை "சிபியு ஃபேன்" என்று எழுதியிருக்கும் பின்னில் மாட்டுங்கள், பக்கத்தில் உள்ள கேபினெட் ஃபேன் பின்னில் வேண்டாம். மாறினால் பல போர்டுகள் "சிபியு ஃபேன் எரர்" என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும்.

8. கேபினெட்டில் போடும் முன் மேசையிலேயே ஒரு சோதனை

இந்தப் படியை எல்லோரும் தாண்டிக் குதிப்பார்கள். என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியிலும் இதைத்தான் கட்டாயம் என்பேன்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 24 பின் ஒயரைப் போர்டிலும், 8 பின் ஒயரைப் பிராசசருக்குப் பக்கத்தில் உள்ள மூலையிலும் மாட்டுங்கள். மானிட்டரை எச்டிஎம்ஐ ஒயரால் போர்டிலேயே இணையுங்கள். கீபோர்டு மாட்டுங்கள். எஃப் வகை பிராசசர் என்றால் கிராபிக்ஸ் கார்டும் இப்போதே வேண்டும், மானிட்டர் ஒயரும் அதில்தான்.

ஸ்விட்ச் இல்லையே, எப்படி ஆன் செய்வது? போர்டின் கீழ் ஓரத்தில் "எஃப் பேனல்" என்று சின்னப் பின்கள் இருக்கும். கையேட்டில் எவை இரண்டும் "பவர் ஸ்விட்ச்" என்று பார்த்து, அவற்றை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். ஃபேன் சுற்றும், சில நொடிகளில் திரையில் கம்பெனி சின்னம் வரும்.

டிடிஆர்5 போர்டு என்றால் பொறுமை வேண்டும். முதல்முறை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், திரை அதுவரை கறுப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

இங்கே திரை வந்துவிட்டால் பிராசசர், ரேம், போர்டு, எஸ்எம்பிஎஸ் நான்கும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கேபினெட்டில் போட்டபின் வராமல் போனால், தப்பு நீங்கள் அதன் பிறகு செய்ததில்தான் இருக்கும். தேடும் இடம் பத்திலிருந்து இரண்டாகிவிடும்.

9. கேபினெட்டுக்குள் போர்டு

பின்பக்கத் தகடு (யுஎஸ்பி, எச்டிஎம்ஐ ஓட்டைகள் உள்ளது) போர்டோடு தனியாக வந்திருந்தால் முதலில் அதைக் கேபினெட்டின் ஓட்டையில் உள்ளேயிருந்து அழுத்திப் பொருத்துங்கள். போர்டை இறுக்கிய பிறகு ஞாபகம் வந்தால் எல்லா ஸ்க்ரூவையும் கழற்றவேண்டும்.

அடுத்து ஸ்டாண்டாஃப், அதாவது போர்டைத் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் பித்தளைக் கட்டைகள். போர்டில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் கட்டை இருக்கவேண்டும். அதிகமாக ஒன்று இருந்தாலும் ஆபத்து. நான் தொழிலுக்கு வந்த புதிதில், மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைப் பெரிய கேபினெட்டில் போட்டேன். ஏடிஎக்ஸ்ஸுக்காக முன்பே இருந்த ஒரு கட்டையை எடுக்கவில்லை. ஆன் செய்தால் ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றுவிடும். போர்டு போச்சு என்று வாங்கின கடைக்கே எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் மேசையில் வைத்து ஓட்டிக் காட்டிவிட்டு, "நல்லாத்தானே இருக்கு தம்பி" என்றார். அந்த ஒரு பித்தளை, போர்டின் அடியில் பற்றவைத்த முனைகளைத் தொட்டு ஷார்ட் செய்துகொண்டிருந்திருக்கிறது.

எல்லா ஸ்க்ரூவையும் பாதி மட்டும் ஏற்றி, போர்டு நேராக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பிறகு இறுக்குங்கள். கை இறுக்கம் போதும்.

10. ஒயர்கள்

பிராசசருக்கான 8 பின் ஒயரைப் போர்டு போடுமுன்பே கேபினெட்டின் பின்வழியாக மேல் மூலைக்கு இழுத்துவைத்தால் பிறகு கை நுழையாத சந்தில் அல்லாட வேண்டாம். அது நான்கும் நான்குமாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒன்றை மற்றதில் மாட்டக்கூடாது. எளிதில் போகவில்லை என்றால் அது வேறு ஒயர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒயர் தனியாகக் கழலும் எஸ்எம்பிஎஸ் என்றால் அதன் பெட்டியில் வந்த ஒயரை மட்டுமே பயன்படுத்துங்கள். இன்னொரு கம்பெனி ஒயர் பொருந்தும், ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் பின்களின் வரிசை வேறாக இருக்கலாம். தப்பான இடத்தில் 12 வோல்ட் போனால் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே போய்விடும்.

முன்பக்கச் சின்ன ஒயர்களில் பவர் ஸ்விட்சும் ரீசெட்டும் எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும், அவை வெறும் ஸ்விட்ச்தான். விளக்குகளுக்கு மட்டும் பிளஸ், மைனஸ் உண்டு. மாறிப்போனால் எரியாது, திருப்பி மாட்டினால் போதும். முன்பக்க யுஎஸ்பி 3 ஒயரின் தடித்த தலையை மட்டும் மெதுவாக, நேராக இறக்குங்கள். அதன் போர்டுப் பின்கள் சட்டென்று வளையும்.

11. கிராபிக்ஸ் கார்டும் மானிட்டரும்

கார்டு இல்லாதவர்கள் இதைத் தாண்டலாம்.

பிராசசருக்கு அருகில் உள்ள நீளமான ஸ்லாட்டில் போடுங்கள், முழு வேகம் பெரும்பாலும் அதற்குத்தான். கேபினெட்டின் பின்னால் அந்த ஸ்லாட்டுக்கு நேராக உள்ள சின்னத் தகட்டை முன்பே கழற்றிவையுங்கள், டக்கென்று உட்கார்ந்ததும் ஸ்க்ரூ போட்டு, கார்டுக்குத் தனி பவர் இருந்தால் மாட்டுங்கள்.

கார்டு போட்ட பிறகு மானிட்டர் ஒயர் கார்டில் இருக்கவேண்டும், போர்டில் அல்ல. ஒருவர் ஆறு மாதம் கேம் ஆடிவிட்டு, "கார்டு வேஸ்ட்டுண்ணே, முன்ன மாதிரியேதான் இருக்கு" என்றார். ஒயர் போர்டிலேயே இருந்தது. கார்டு ஆறு மாதமும் சும்மா ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

12. பயாஸும் விண்டோஸும்

ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2-வை விடாமல் தட்டுங்கள். பயாஸில் நான்கைப் பாருங்கள்: பிராசசர் பெயர், மொத்த ரேம் 16 ஜிபி வருகிறதா, எஸ்எஸ்டி பெயர் தெரிகிறதா, பிராசசர் சூடு எவ்வளவு. சூடு 35 முதல் 50 டிகிரிக்குள் நிற்கவேண்டும். கண்ணெதிரே 70, 80 என்று ஏறினால் உடனே அணைத்துவிட்டுக் கூலரின் கால்களைப் பாருங்கள். ரேம் வேகம் பெட்டியில் 3200 என்றும் திரையில் 2400 அல்லது 2666 என்றும் இருந்தால் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். ஏஎம்டி டிடிஆர்5 போர்டில் அதன் பெயர் எக்ஸ்போ.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் வேண்டும், இரண்டும் பாதுகாப்பு அமைப்புகள். நம் போர்டில் இரண்டும் இருக்கின்றன, அணைத்திருந்தால் ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, புது மெஷினில் அதைப் போடாதீர்கள். 11 ஏற்காத பழைய மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக்கொடுக்கிறேன்.

வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் கருவியால் பென் டிரைவைத் தயார் செய்யுங்கள். அதில் உள்ளது எல்லாம் அழியும், கல்யாண போட்டோ இருந்தால் முதலில் எடுத்துவையுங்கள். போர்டு கம்பெனி தளத்திலிருந்து லேன் டிரைவரையும் (நெட் ஒயர் இணைப்பை இயக்கும் மென்பொருள்) இறக்கி வேறொரு பென் டிரைவில் வையுங்கள். விண்டோஸ் 11 நிறுவும்போதே இன்டர்நெட் கேட்கும், லேன் டிரைவர் இல்லாவிட்டால் இன்டர்நெட் வராது, இன்டர்நெட் இல்லாமல் டிரைவர் இறக்க முடியாது. இந்தச் சுற்றில் மாட்டாதவர்கள் குறைவு.

பழைய ஹார்ட் டிஸ்க்கும் மாட்டுவதாக இருந்தால், விண்டோஸ் போட்டு முடிக்கும்வரை அதன் ஒயரைக் கழற்றியே வையுங்கள். எந்த டிஸ்க்கை அழிக்கிறோம் என்ற குழப்பமே வராது. 500 ஜிபி எஸ்எஸ்டி 465 ஜிபி என்று காட்டும். திருட்டு இல்லை, கம்பெனி 1000-ஆல் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல்.

தமிழில் தட்டச்ச எதையும் இறக்க வேண்டாம். மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் இரண்டு கீபோர்டும் உள்ளேயே கிடைக்கும்.

யுபிஎஸ் வாங்கும்போது 600 விஏ என்றால் 600 வாட் என்று எண்ணிவிடாதீர்கள், சாதாரணமாக 360 வாட்தான். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள், உருளை சூடாகும்போது இழுக்கும் கரண்டில் யுபிஎஸ் கீச்சிட்டு அணையும்.

13. அப்படியும் டிஸ்ப்ளே வரவில்லையா

இந்த வரிசையில் பாருங்கள். முதலில் காசு செலவில்லாதவை.

மானிட்டரில் எந்த உள்ளீடு தேர்வாகியிருக்கிறது? ஒயர் எச்டிஎம்ஐயில், மானிட்டர் விஜிஏவில் காத்துக்கொண்டிருக்கும்.

எதுவுமே சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள ஸ்விட்ச். சிரிக்காதீர்கள், நானே மறந்திருக்கிறேன். பிறகு 24 பின் ஒயர் கடைசிவரை இறங்கியிருக்கிறதா.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இல்லை என்றால் பிராசசரின் 8 பின் ஒயர். அது இல்லாமலும் ஃபேன் சுற்றும், அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

அடுத்து ரேம். இரண்டையும் எடுத்து, ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் அதே ஸ்லாட்டில் மற்றொன்று, பிறகு வேறு ஸ்லாட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. போர்டில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்கு இருந்தால் எது எரிந்து நிற்கிறது என்று பாருங்கள், அதுவே விடை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள், பயாஸ் பழைய நிலைக்கு வரும். சில வருடம் கழித்து, ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போனாலும் இதே சிஆர்2032 பேட்டரிதான் காரணம்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் போர்டை வெளியே எடுத்து எட்டாவது படியைத் திரும்பச் செய்யுங்கள். மேசையில் வந்தால் தப்பு கேபினெட்டில். மேசையிலும் வரவில்லை என்றால் பில்லோடு வாங்கின கடைக்குப் போங்கள். போகும் முன் பிராசசரை எடுத்துவிட்டு, நான்காவது படியில் பத்திரப்படுத்தச் சொன்ன கறுப்பு மூடியைச் சாக்கெட் மேல் மாட்டுங்கள். மூடி இல்லாத போர்டை வாரண்டிக்கு வாங்க மறுப்பார்கள், வழியில் பின் வளைந்தது யார் கையால் என்று அவர்களாலும் சொல்ல முடியாது.